அரையிஞ்சின் மூன்றாவது கிலோமீட்டர்

கடலை ஒட்டிப் போடப்பட்டிருந்த அந்த நடைபாதைக்கு மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. அலைதடுப்புச் சுவரில் தொடங்கிக் கலங்கரை விளக்கம்வரை, இழைத்த பலகையைப் படுக்கப் போட்டதுபோல் ஐந்தரைக் கிலோமீட்டர் சமதளம். ஒரு பக்கம் இடுப்புயர இரும்புக் கம்பி, அதற்கப்பால் கடல். மறுபக்கம் பெஞ்சுகள், விளக்குக் கம்பங்கள், அவற்றுக்கப்பால் ஊர். காலை ஐந்தரை மணியிலிருந்து எட்டு மணிவரை ஊரில் பாதிப்பேர் அதில் ஓடினார்கள். மீதிப்பேர், ஓடுகிறவர்களைப் பற்றிப் பேசினார்கள்.

ஒவ்வொரு கிலோமீட்டர் முடிகிற இடத்திலும் தரையில் மஞ்சள் பெயிண்டில் ஓர் எண் இருந்தது. ஒன்றிலிருந்து ஐந்துவரை, ஒவ்வொன்றும் முழங்கை நீளம், அடியில் ஒரு நேர்கோடு. அந்த எண்கள்மேல் ஊருக்கு இருந்த நம்பிக்கை தங்கள் பிறந்த தேதியின்மேல்கூட இருந்ததில்லை. பிறந்த தேதியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது மாற்றிச் சொல்லியிருப்பார்கள். எண்களை எழுதியவர் அரையிஞ்சு. அவரை யாராலும் மாற்றிச் சொல்லவைக்க முடியாது.

அரையிஞ்சு என்பது வீட்டில் வைத்த பெயரல்ல. அவர் நகராட்சிப் பொறியியல் பிரிவில் அளவை மேற்பார்வையாளர். சாக்கடை மூடிகள் அரை இஞ்சு சிறிதாக இருக்கின்றன என்று பதினொன்றையும் பெயர்த்தெடுக்கச் சொன்ன நாளில் ஒப்பந்தக்காரர் ஒருவர் வயிற்றெரிச்சலில் வைத்த பெயர் அது. அப்படி யாராவது கூப்பிட்டால் காது கேளாததுபோல் நடந்துபோவார். ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டில் இரண்டு கவளம் கூடுதலாக இறங்கும். அடுத்தவர் வீட்டுக்குப் போனால் சுவரில் மாட்டிய படம் நேராக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். "துக்கம் கேக்கப் போன வீட்டுலகூட போட்டோவை நேராக்கிட்டு வந்த மனுஷன்" என்று அவர் மனைவி நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள். அதில் குறையும் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எண்களை எழுதி ஒன்பது வருடமாயிற்று. இடையில் ஒரேயொருவர்தான் அவற்றைச் சந்தேகித்தார். கல்லூரி விரிவுரையாளர் ஒருவர், தன் கைக்கடிகாரம் செயற்கைக்கோளைக் கேட்டுத் தூரம் சொல்வதாகவும், அது ஐந்து கிலோமீட்டருக்கு நாலே முக்கால்கூடக் காட்டுவதில்லை என்றும் நகராட்சிக்கு எழுதியிருந்தார். அரையிஞ்சு ஒன்றரைப் பக்கத்துக்குப் பதில் எழுதினார். செயற்கைக்கோள் மிக உயரத்தில் இருப்பதாகவும், நகராட்சி தரையிலேயே இருந்து அளந்ததாகவும், ஆகவே தரையின் நீளத்தைப் பொறுத்தவரை நகராட்சியின் சொல்லே செல்லும் என்றும் அதில் கண்டிருந்தது. விரிவுரையாளர் கடிகாரத்தை விற்றுவிட்டார்.

அரையிஞ்சின் மகளுக்கு அந்த வருடம் இருபத்தொன்பது முடிந்துகொண்டிருந்தது. மின்தூக்கிகளைப் பராமரிக்கும் நிறுவனமொன்றில் தொலைபேசி வேலை. யாராவது மின்தூக்கிக்குள் மாட்டிக்கொண்டால் பொத்தானை அழுத்துவார்கள். அழைப்பு அவளிடம் வரும். "பதறாதீங்க, ஆள் வந்துட்டே இருக்காங்க" என்று சொல்ல வேண்டும். ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒருநாள் வீட்டுக்கு வந்து, "சொல்றது போதும்ப்பா. நான் வந்துட்டே இருக்கிற ஆளா ஆகணும்" என்றாள்.

தீயணைப்புத் துறையில் ஆளெடுத்தார்கள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். மிச்சமிருந்தது ஓட்டம். மூன்று கிலோமீட்டர், பதினாறு நிமிடத்துக்குள். முப்பது வயதுக்கு மேல் எடுக்கமாட்டார்கள் என்பதால் அடுத்த வாய்ப்பு என்று ஒன்று கிடையாது. தேர்வுக்கு இன்னும் ஏழு வாரம்.

தினமும் காலையில் அவள் அலைதடுப்புச் சுவரடியிலிருந்து போனில் "கிளம்பறேன்" என்று சொல்லிவிட்டு ஓடுவாள். அரையிஞ்சு மூன்றாம் எண்ணுக்கு எதிரே பெஞ்சில் ஸ்டாப்வாட்சும் நோட்டுமாக உட்கார்ந்திருப்பார். பதினைந்து நாற்பது, பதினைந்து முப்பத்தெட்டு, பதினைந்து நாற்பத்திரண்டு. தேதி போட்டு, காற்றின் திசையும் போட்டு எழுதிவைப்பார்.

"இருபது செகண்ட் கையில இருக்கு" என்பார்.

"அன்னைக்கு ஷூ லேஸ் அவுந்தா?"

"இருபது செகண்ட்ல லேஸ் கட்டலாம். நான் பதினொரு செகண்ட்ல கட்டுவேன்."

"நீங்க லேஸ் கட்டறதுக்கும் டைம் எடுத்து வச்சிருக்கீங்களாப்பா?"

அவர் நோட்டைப் புரட்டினார். எடுத்துத்தான் வைத்திருந்தார்.

அவர் மனைவியின் தம்பியும் அதே நேரத்துக்கு அங்கே வருவான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். பாதையில் ஓடுகிறவர்களைத் திரட்டி ஒரு குழுவாக்கி, தானே தலைவனாகவும் ஆகியிருந்தான். யாரைப் பார்த்தாலும் பேர் சொல்வதற்கு முன்பு, ஐந்து கிலோமீட்டரை இருபத்தேழு நிமிடத்தில் ஓடுவதாகச் சொல்லிவிடுவான். கண் பரிசோதிக்க வந்தவர்கள் எழுத்துப் பலகையில் கடைசி வரியைப் படித்து முடிப்பதற்குள் அதைத் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

இந்த நிலையில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை, பண்டக அறையில் பழைய சாமான்களைக் கழித்துக்கட்டும் வேலை வந்தது. பண்டகக் காப்பாளர் ஒவ்வொன்றாக எடுத்துப்போட, அரையிஞ்சு பட்டியலில் கையெழுத்துப் போட்டார். உடைந்த மண்வெட்டி, ஓட்டை வாளி, பிறகு தோல் உறை போட்ட ஒரு முப்பது மீட்டர் டேப்.

"மூக்கறுந்தான் சார். ஞாபகம் இருக்கா?" என்றார் பண்டகக் காப்பாளர்.

ஞாபகம் இல்லாமல் என்ன. அந்த டேப்பின் முதல் இரண்டு மீட்டர் எந்தக் காலத்திலோ ஜீப் சக்கரத்தில் மாட்டி அறுந்துபோனது. புது டேப் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வருவதற்குப் பதினான்கு வருடம் ஆனது. அதுவரை அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியில் அளப்பவர், டேப்பில் கண்ட எண்ணை அப்படியே எழுதிக்கொண்டு வருவார். மாடியில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர், டேப் ஒன்றுக்கு இரண்டு மீட்டர் கழித்துச் சுத்தப் பிரதி எடுப்பார். வெளியில் யாரும் கழிக்கக் கூடாது. கழித்தால் மாடியிலும் கழித்து இரட்டைக் கழிவாகிவிடும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவருக்குக் குடிதண்ணீர்ப் பானை இருக்கும் இடத்தைக் காட்டுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவார்கள். அப்படியொரு ஒழுங்கு. பதினான்கு வருடத்தில் ஒரு சுவர்கூடக் கோணலாக எழும்பவில்லை.

அரையிஞ்சு கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார். மூடிய பேனாவைத் திரும்பத் திறந்தார்.

நடைபாதைத் திறப்பு விழாவை அவசரமாக ஒருநாள் முன்னால் இழுத்துவைத்தது அவருக்கு நினைவுக்கு வந்தது. அன்று அவர் இதே மூக்கறுந்தானை வைத்து அளந்தார். நூறு டேப், மூவாயிரம் மீட்டர் என்று தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டார். பின்னாலேயே பெயிண்டர் மஞ்சள் டப்பாவோடு வந்தார். அந்த அளவு மாடிக்குப் போகவே இல்லை. மாடிக்குப் போகாத அளவில் இரண்டைக் கழிக்க ஆள் ஏது?

நூறு டேப்பில் இரண்டிரண்டு மீட்டர். இருநூறு மீட்டர்.

"என்ன சார், முகம் ஒருமாதிரி ஆயிடுச்சு? பழகின சாமானைத் தூக்கிப்போடக் கஷ்டமா இருக்கா?"

"ஆமா" என்றார் அரையிஞ்சு. பல வருடங்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த அளவு தவறிய வார்த்தை அதுதான்.

அன்று மாலை வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தார். மகள் பதினைந்து நாற்பதில் ஓடிக்கொண்டிருந்தது இரண்டாயிரத்து எண்ணூறு மீட்டர். அதே வேகத்தில் உண்மையான மூன்று கிலோமீட்டருக்குப் பதினாறு நிமிடம் நாற்பத்தேழு விநாடி ஆகும். கையில் இருப்பதாகச் சொன்ன இருபது விநாடி கையில் இல்லை. மேற்கொண்டு நாற்பத்தேழு விநாடி வேண்டியிருந்தது.

சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தார். பதினோரு சாக்கடை மூடிகள் கண்முன் வந்தன. விரிவுரையாளரின் கடிகாரம் வந்தது. மச்சான் சிரிக்கிற சிரிப்பு வந்தது. அப்புறம் மகள் முகம் வந்தது. ஏழு வாரம் இருக்கும்போது நாற்பத்தேழு விநாடி பாக்கி என்று சொன்னால் அன்றே கால் ஓய்ந்து உட்கார்ந்துவிடுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மகளுக்காகத்தான் மறைக்கிறோம் என்று முடிவுக்கு வந்ததும், மூடிகளும் கடிகாரமும் மச்சானும் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அட்டவணை தயாராகிவிட்டது. நாற்பது நாள். மூன்றாம் எண் நாளொன்றுக்கு ஐந்து மீட்டர் நகர வேண்டும். அதை மட்டும் நகர்த்தினால் மற்றவை அதனோடு ஒத்துப்போகாது. ஆகவே ஒன்றாம் எண்ணுக்கு ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல், இரண்டுக்கு மூன்றேகாலுக்குச் சற்று மேல், நான்குக்கு ஆறரைக்கு மேல், ஐந்துக்கு எட்டேகாலுக்கு மேல். அவளுக்குத் தெரியாமலே அவள் தினமும் ஐந்து மீட்டர் கூடுதலாக ஓடுவாள். தேர்வுக்கு ஒன்பது நாள் முன்னதாகவே மூன்று தன் சொந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

பெயிண்ட் கேட்டு எழுதிய சீட்டில், "மங்கிய எண்களைப் புதுப்பித்தல்" என்று காரணம் காட்டினார். எழுத்தில் பொய் கூடாது என்பதால், ஒவ்வொரு எண்ணையும் உண்மையிலேயே புதுப்பித்தார், நாற்பது தடவை. மதியம் இரண்டு மணிக்கு அந்தப் பாதையில் ஈ காக்கை இருக்காது. பழைய எண்ணின்மேல் தரையின் சாம்பல் நிறத்தைப் பூசுவார். தள்ளிப்போய் அச்சுத் தகட்டை வைத்து மஞ்சள் அடிப்பார். வெயிலில் ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். கையில் நோட்டு வைத்துக்கொண்டு நகராட்சி ஆள் ஒருவர் குனிந்து வேலை செய்தால் யாரும் கேட்பதில்லை என்பதை முப்பது வருட அனுபவத்தில் தெரிந்துவைத்திருந்தார்.

பெஞ்சுகளும் கம்பங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றைவைத்து யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று முதல் வாரம் அவர் பயந்தார். யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஓடுகிறவர்கள் எண்ணைப் பார்த்தார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள். பெஞ்சைப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. ஊருக்கெல்லாம் கண் பார்க்கிற மச்சான்கூட ஒருநாள் புது மூன்றின்மேல் நின்று, "பெயிண்ட் பளிச்சுன்னு இருக்கு அத்தான்" என்றுவிட்டுப் போனான்.

கண்டுபிடித்தது ஓடாத ஒருவர். மூன்றாம் எண்ணுக்குப் பக்கத்தில் கறுப்புக் குடையும் மரப்பெட்டியுமாக ஷூ ரிப்பேர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். மூன்றாவது கிலோமீட்டரில்தான் எல்லோரும் நின்று மூச்சு வாங்குவார்கள். நின்றால்தான் அடிப்பாகம் பிளந்திருப்பது தெரியும். அதனால் அங்கே அவருக்கு நல்ல வியாபாரம். நான்காம் நாள் மதியம் அரையிஞ்சு குனிந்திருந்தபோது அவர் குடைக்கடியிலிருந்து குரல் கொடுத்தார்.

"சார், உங்க மூணு எழுந்து நடக்குது."

அரையிஞ்சு நிமிர்ந்தார். "புதுப்பிக்கிறோம்."

"புதுப்பிங்க. நாலு நாள் முன்னாடி என் பொட்டிக்கு நேரா இருந்துச்சு. இப்ப ஆளுங்க அங்க போய் நின்னு மூச்சு வாங்கறாங்க. நான் இங்க உக்காந்து கடலைப் பாத்துட்டிருக்கேன்."

"யார்கிட்டயும் சொன்னீங்களா?"

"என்கிட்ட யாரு சார் கேட்டா? எங்க போகுதுன்னு மட்டும் சொல்லுங்க. பொழப்பு அதுகிட்ட இருக்கு."

அரையிஞ்சு சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "தினம் அஞ்சு மீட்டர். கலங்கரை விளக்கம் பக்கமா" என்றார். மறுநாளிலிருந்து பெட்டியும் குடையும் நாளுக்கு ஐந்து மீட்டராக எண்ணின் பின்னால் நகர்ந்தன. அரையிஞ்சும் பெஞ்சை விட்டு, மடக்கு நாற்காலிக்கு மாறினார்.

மூன்றாவது வாரத்தில் ஊருக்கு வயதாகத் தொடங்கியது.

இருபத்தேழு நிமிட மச்சானுக்கு இருபத்தேழே முக்கால் ஆயிற்று. முதலில் ஈரக்காற்று என்றான். அப்புறம் ஷூவை மாற்றினான். இருபத்தெட்டு ஆனதும் காப்பியை விட்டான். இருபத்தெட்டரையில் ரத்தப் பரிசோதனைக்குப் போனான். குழுவில் ஒருவருக்கொருவர் நேரம் சொல்லிக்கொள்வது நின்றுபோயிற்று. ஓட்டம் முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இதய மருத்துவர் ஒருவர் சனிக்கிழமையும் பார்க்கத் தொடங்கினார். வங்கி மேலாளர் ஒருவர் உயில் எழுதிவிட்டதாகப் பேச்சு.

"ஒண்ணுமே இல்லைங்கிறார் டாக்டர்" என்று மச்சான் அக்கா வீட்டுக்கு வந்து புலம்பினான். "ஒண்ணுமே இல்லாம எப்படி ஒண்ணரை நிமிஷம் போகும்? டாக்டர் என்கிட்ட மறைக்கிறார் அக்கா."

அரையிஞ்சுக்கு மனசு கேட்கவில்லை. "மச்சான், கோளாறு உன் உடம்புலதான்னு இல்ல. பாதையிலயும் இருக்கலாம் இல்லியா" என்றார்.

மச்சான் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கிவிட்டது. "ஆறுதலுக்காக நீங்களே உங்க அளவைக் குறை சொல்றீங்க பாருங்க. இந்த மனசு யாருக்கு வரும் அத்தான்?"

அவன் போனபிறகு மனைவி கணவரின் கால்சட்டையைத் தூக்கிக் காட்டினாள். ஒரு காலில் மஞ்சள், மறுகாலில் சாம்பல். "இதை நான் தினம் துவைக்கிறேன். எப்ப சொல்லணும்னு தோணுதோ அப்ப சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அரையிஞ்சின் நோட்டில் மகளின் நேரம் பதினைந்து நாற்பது, பதினைந்து நாற்பத்தொன்பது, பதினைந்து நாற்பத்தைந்து என்று ஒரே இடத்தில் நின்றது. தூரம் கூடக்கூட நேரம் அசையாமல் நிற்கிறது என்றால், அவள் தினம் தினம் வேகமாகிக்கொண்டிருக்கிறாள். இப்படி ஒரு முன்னேற்றத்தை அவர் கண்டதில்லை. ஆனால் அதை அந்த ஊரில் பார்க்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவளுக்குத் தெரிந்ததெல்லாம், காலையில் எழுந்து உயிரைக் கொடுத்து ஓடியும், ஆறு வாரமாக ஒரு விநாடிகூடக் குறையவில்லை என்பது.

நாற்பதாம் நாள் மதியம் மூன்றாம் எண் தன் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தது. அரையிஞ்சு அச்சுத் தகட்டைக் கழுவித் துடைத்துக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வந்து பார்த்தால் கூடத்தில் மகள் முக்காலிமேல் ஏறி, ஓட்டக் காலணிகளைப் பரணின் கடைசி மூலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

"போகல. டெஸ்ட்டுக்குப் போகல" என்றாள் திரும்பாமலே. "ஆறு வாரம்ப்பா. இன்னைக்குப் பதினஞ்சு அம்பத்தி ரெண்டு. ஆரம்பிச்சப்ப இருந்ததைவிட மோசம். அங்க புது இடம், புது ஆளுங்க, படபடப்பு வேற. பதினாறைத் தாண்டிடும். தாண்டி நின்னு எல்லாரும் பாக்கறதைவிட, போன் எடுத்து 'ஆள் வந்துட்டே இருக்காங்க'ன்னே சொல்லிட்டிருக்கேன்."

அரையிஞ்சு தகட்டைக் கீழே வைத்தார். "ஒண்ணு சொல்லணும்."

"ஆறுதல்னா வேணாம்ப்பா."

"ஆறுதல் இல்ல. அளவு."

அலமாரியிலிருந்து அட்டவணையை எடுத்து வந்தார். மூக்கறுந்தான், மாடி எழுத்தர், நூறு டேப், எல்லாவற்றையும் முன்பின் மாறாமல் வரிசையாகச் சொன்னார். குரல் மட்டும் அலுவலகக் குரலாக இல்லை. அவள் முக்காலியிலேயே உட்கார்ந்து அட்டவணையை மேலிருந்து கீழே படித்தாள்.

"நாப்பது நாளா?"

"நாப்பது நாள்."

"தினம் அஞ்சு மீட்டர்."

"உனக்கு அஞ்சு. மாமாவுக்கு எட்டேகாலுக்குக் கொஞ்சம் மேல."

"அப்ப இன்னைக்கு நான் ஓடினது..."

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தஞ்சு மீட்டர். அதைப் பதினஞ்சு அம்பத்தி ரெண்டுல ஓடியிருக்கே. ஆறு வாரம் முன்னாடி இதுக்குப் பதினாறே முக்கால் ஆகியிருக்கும்."

அவள் அட்டவணையை மடித்து வைத்தாள். "தினம் பாத்ரூம்ல தண்ணியைத் திறந்துவிட்டுட்டு அழுதிருக்கேன். அது உங்க அட்டவணையில எந்தக் கட்டத்துல வருது? ஒரே ஒரு வார்த்தை, முதல் நாளே, 'தப்பா அளந்துட்டேன்'னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்."

"சொன்னா நீ உக்காந்துடுவேன்னு நினைச்சேன்."

"கோவத்துல இன்னும் வேகமா ஓடியிருப்பேன். நான் உக்காந்துடுவேன்னு இல்ல, உங்க பேரு உக்காந்துடும்னு பயந்தீங்க."

அரையிஞ்சு அதை மறுக்கவில்லை. சரியான அளவை மறுக்க அவருக்குத் தெரியாது.

"மாமாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது. ரத்தம் டெஸ்ட் பண்ணியிருக்கான்."

"நாலு தடவை" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. அம்மா ஒன்றையும் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு முக்காலியிலிருந்து இறங்கினாள். "ஷூவை நீங்களே எடுத்துக் குடுங்க. எட்டலன்னா தினம் அஞ்சு சென்டிமீட்டரா எட்டுங்க."

ஒன்பது நாள் கழித்து, பக்கத்து ஊர் விளையாட்டு மைதானத்தில் ஏழரைச் சுற்று. அரையிஞ்சு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். பையில் ஸ்டாப்வாட்ச் இருந்தது. அதை அழுத்துவதற்கு விரல் வரவில்லை. கடைசிச் சுற்றில் அவள் முகம் சிவந்து, வாய் பிளந்து, தோள் ஒருபக்கம் சாய்ந்து வந்தாள். கோட்டைத் தாண்டியதும் தரையில் மண்டிபோட்டாள். அதிகாரி அட்டையைப் பார்த்துப் படித்தார்: பதினைந்து நிமிடம், ஐம்பத்தோரு விநாடி.

அரையிஞ்சு எழுந்து நின்றார்.

இதோடு அவர் விஷயம் முடிந்திருக்கலாம். ஆனால் மறுவாரம் நகராட்சிக்கு அறுபத்துநான்கு கையெழுத்துகளோடு ஒரு மனு வந்தது. முதல் கையெழுத்து மச்சானுடையது. இதய மருத்துவர் கைவிரித்துவிட்டதால் அவன் வேறு காரணம் தேடியிருந்தான். கடல் காற்றிலும் வெயிலிலும் நடைபாதை நீண்டுவிட்டது என்றும், பொதுமக்களின் உடல்நலத்தை முன்னிட்டு அதை உடனே பழைய நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் மனு கேட்டது. நம்பகமான ஒருவரிடம் விசாரணையை ஒப்படைக்கும்படியும் கேட்டிருந்ததால், ஆணையர் அதை அரையிஞ்சின் மேசைக்கே அனுப்பிவைத்தார்.

மகள் சொன்ன சொல் இன்னும் காதில் இருந்தது. அரையிஞ்சு இந்தமுறை அட்டவணை போடவில்லை. மூன்று பக்கத்துக்கு நடந்தது நடந்தபடி எழுதினார். தவறு தன்னுடையது என்பதை முதல் வரியிலேயே வைத்தார். விரிவுரையாளரின் கடிகாரம் சரியாகத்தான் சொன்னது என்பதைத் தனிப் பத்தியாக எழுதினார். எந்தத் தண்டனைக்கும் தயார் என்று முடித்துக் கையெழுத்திட்டார்.

ஆணையர் அம்மாள் மறுநாள் கூப்பிட்டனுப்பினார். கடிதம் மேசைமேல் மடித்தபடி இருந்தது.

"இதை நான் படிக்கல" என்றார்.

"மடிப்பு மாறியிருக்கே மேடம்."

"படிச்சுட்டுத்தான் சொல்றேன், படிக்கலன்னு. இதை ஏத்துக்கிட்டா என்ன ஆகும் தெரியுமா? ஒன்பது வருஷம் இந்த ஊர்க்காரங்க ஓடினது எல்லாம் குறைஞ்சுபோகும். இந்தப் பாதையில நடந்த போட்டிக்கு நானே கையால கோப்பை குடுத்திருக்கேன். திருப்பிக் கேக்கணுமா?"

"அளவு அப்படித்தான் இருக்கு."

"மனு அப்படி இல்லியே. பழைய இடத்துல வேணும்னு கேக்கறாங்க. பழைய இடத்துலயே எழுதிடுங்க."

"அது தப்பான இடம் மேடம்."

"அறுபத்துநாலு பேர் சரின்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. தப்புன்னு நீங்க ஒருத்தர்தான் போட்டிருக்கீங்க." கடிதத்தை அவர் பக்கம் நகர்த்தினார். "வீட்டுல வச்சுக்கோங்க. நல்லா எழுதியிருக்கீங்க."

நாற்பது நாளில் போனவை ஒரே மதியத்தில் திரும்பி வந்தன. அரையிஞ்சு ஐந்து எண்களையும் தன் கையாலேயே தவறான இடத்தில், அடிக்கோடு நேராக இருக்கிறதா என்று மட்டம் வைத்துப் பார்த்து எழுதினார்.

மறுநாள் காலை ஊருக்கு இளமை திரும்பியது. மச்சான் இருபத்தாறு நிமிடம் ஐம்பது விநாடியில் ஓடி முடித்து, மூச்சிரைக்க அப்பா மகள் இருவரிடமும் வந்தான். காப்பியை விட்டதுதான் காரணம் என்றான். "உடம்பைக் கவனிச்சா வயசு திரும்ப வரும் அத்தான். நீங்களும் ஓடணும். ஸ்டாப்வாட்சை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா போதாது." மருமகளின் தோளில் தட்டினான். "இவளுக்கு வேலை கிடைச்சதே என் குழுவோட சேர்ந்து ஓடினதாலதான்."

"ஆமா மாமா" என்றாள் அவள்.

பயிற்சிக்குக் கிளம்ப இன்னும் நாலு நாள் இருந்தது. அவள் இப்போதும் காலையில் ஓடினாள். மூன்றாம் எண்ணில் எல்லோரும் நின்று மூச்சு வாங்கினார்கள். அவள் நிற்காமல் போனாள். இருநூறு மீட்டருக்கு அப்பால் யாருமில்லாத இடத்தில் கறுப்புக் குடை விரிந்திருந்தது. அங்கேதான் மடக்கு நாற்காலி போட்டு அரையிஞ்சு உட்கார்ந்திருந்தார்.

"உங்க மூணு திரும்பிப் போயிடுச்சே. நீங்க போகலையா?" என்று அவர் ஷூ ரிப்பேர்க்காரரிடம் முதல் நாளே கேட்டிருந்தார்.

"போகல சார். அது போகும், வரும். நாப்பது நாளா பொட்டியைத் தூக்கித் தூக்கி இடுப்பு போச்சு. பிளந்த ஷூவுக்காரன் இருநூறு மீட்டர் நடக்கமாட்டானா?"

நடந்தார்கள். கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்கள்.

மகள் பெட்டியைத் தாண்டினாள். அரையிஞ்சு அழுத்தினார். பதினைந்து முப்பத்தாறு. தேதி போட்டு, காற்றின் திசையும் எழுதிக்கொண்டு நிமிர்ந்தவருக்கு ஏதோ உறுத்தியது. பாதை கூட்டுகிறவர்கள் காலையில் பெட்டியை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தார். பையிலிருந்து புது டேப்பை எடுத்துக் கம்பத்திலிருந்து பிடித்துப் பார்த்தார்.

"கொஞ்சம் பெட்டியை இந்தப் பக்கம் நகர்த்தணும்" என்றார்.

ஷூ ரிப்பேர்க்காரர் ஊசியை வாயிலிருந்து எடுத்தார். "எவ்வளவு சார்?"

அரையிஞ்சு மகளைப் பார்த்தார். அவள் இடுப்பில் கைவைத்து, மூச்சு வாங்கிக்கொண்டே, அவர் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தாள்.

"அரை இஞ்சு" என்றார்.